அம்மை பார்த்த ஊட்டுல கோபம் ஆகாது

எனக்குக் கோபம் வரும். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்பறம் யாரும் வந்து மறைச்சுட்டேன்னு சொல்லக் கூடாது. எங்க ஊட்டுக்காரர் என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில ஒரு எருமையைத் திட்டிட்டு இருந்தேனாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சம்மதிச்சேன்னு அவர் எல்லார்கிட்டயும் சொல்வார். இவளைக் கட்டினா காட்டுக்குக் காவலாள் வேண்டாம்னு நெனச்சாராம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல, ஊரை விட்டுத் தள்ளி இருந்த எங்க தோட்டத்துக்கு அப்படி ஒரு சத்தம் தேவையாத்தான் இருந்துச்சு.

மேட்டூர்ல அணை கட்டிட்டு இருந்த காலம் அது. கூலி நல்லாக் கிடைக்குதுன்னு அக்கம்பக்கத்து ஆளுக பாதிப் பேர் அங்க போயிட்டாங்க. தோட்டத்துல நான், அவர், எட்டு வயசுச் சின்னவ, மூணே பேர். பெரியவளை அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கட்டிக் குடுத்திருந்தோம்.

பெரியவ என்னை மாதிரி இல்ல. வாயே திறக்க மாட்டா. தேள் கொட்டினாக்கூட, "அம்மா, இங்க என்னமோ கடிச்சிருச்சுங்க"ன்னு மெதுவாச் சொல்ற ரகம். முதல் தடவை அவ முழுகாம இருந்தப்ப ஆறாம் மாசத்துல கலைஞ்சு போச்சு. சேதி வந்து நான் அவ மாமியா ஊட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா. அழுகைகூட இல்ல. "நீங்க பக்கத்துல இருந்திருந்தா நல்லா இருந்திருக்குங்கம்மா"ன்னு மட்டும் சொன்னா. அது எனக்கு நெஞ்சுல ஏறின முள்ளு. மறுபடியும் உண்டானப்ப அவ கையைப் புடிச்சுச் சத்தியம் பண்ணினேன். இந்தப் புள்ளை பொறக்கறப்ப ஒம் பக்கத்துல நான் இருப்பேன், எமன் வந்து கூப்புட்டாலும் நகர மாட்டேன்னு சொன்னேன்.

ஒன்பதாம் மாசம் கட்டுச்சோறு கட்டிட்டுப் போனோம். எங்க பக்கத்து வழக்கம் அது. பொறந்த ஊட்டுக்காரங்க புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறுன்னு கட்டி எடுத்துட்டுப் போய் விருந்து போட்டு, புள்ளைத்தாச்சியைக் கையோட கூட்டியாரோணும். அப்படிக் கூட்டியாந்துட்டா அப்பறம் கைப்புள்ளையோடதான் திருப்பி அனுப்பறது. நடுவுல அனுப்பற பேச்சே இல்ல. பெரியவ புது இளம்பிள்ளைத் தறிச் சேலை கட்டிட்டு, வயித்தைத் தாங்கிப் புடிச்சுட்டு வண்டியில வந்து எறங்கினா. எனக்கு வாயெல்லாம் பல்லு.

எட்டாம் நாள் எங்க ஊட்டுக்காரர் காலை ஒடிச்சுக்கிட்டார்.

நல்ல காரியத்துக்குத்தான் போனார். பேரப்புள்ளை நல்லபடியாப் பொறந்தா கோயிலுக்குக் கெடா வெட்டறதா வேண்டியிருந்தார். அதுக்குன்னு சந்தையில ஒரு மேச்சேரிக் கெடாவைப் புடிச்சுட்டு வந்தார். நல்ல செவலை, திமிரு பார்த்தா தாசில்தார்தான். கயித்தைக் கையில சுத்தி வெச்சிருந்தார். சுத்தாதீங்க, இழுத்துப் போட்டுரும்னு நான் தூரத்துல இருந்தே சொல்லிட்டு வாரேன். "ஆடு புடிக்க எனக்கு நீ சொல்லித் தர்றயா"ன்னார். சொல்லி வாயை மூடலை, கெடா ஒரே இழுப்பு. மனுஷன் கெணத்து மேட்டுல இருந்து உருண்டு கீழ போய் விழுந்தார். கெடா நின்னு திரும்பிப் பார்த்துட்டு அவரோட துண்டை மெல்ல ஆரம்பிச்சுது.

எலும்பு கட்டற வைத்தியர் வந்து, உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் கொழைச்சுத் துணியில தடவி, மூங்கில் பத்தை வெச்சுக் கட்டினார். நாப்பது நாளைக்குக் கால் தரையில படக் கூடாது, தினம் முட்டை, ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஆட்டுக்கால் சாறுன்னு சொல்லிட்டுப் போனார். சரி, ஆகட்டும்னேன். ஒரு காலுதானே, அதுவும் அவரோட காலு.

மூணு நாள் கழிச்சுச் சின்னவளுக்குக் காய்ச்சல் அடிச்சுது. மறுநாள் காலையில தலை சீவ உட்கார வெச்சப்ப பார்க்கறேன், முதுகுல நாலு முத்து, கழுத்துல ரெண்டு. சீப்பைக் கையில வெச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

அம்மை பார்த்துட்டா ஊடு கோயில் மாதிரி. தாளிக்கிற வாசம் ஆகாது, கவுச்சி ஆகாது, வெளியாளு உள்ள வரக் கூடாது, உள்ள இருக்கறவங்க இன்னொருத்தர் வாசல் மிதிக்கக் கூடாது. வேப்பிலை போட்டு மூணு தண்ணி தலைக்கு ஊத்தி முடியற வரைக்கும் இப்படித்தான். புள்ளைத்தாச்சி அந்தக் காத்துப் படற தூரத்துலயே இருக்கக் கூடாது. பூசாரி வாசல்ல நின்னே பார்த்துட்டு, "பெருசு இல்லீங்க, சின்ன அம்மைதான், பயப்பட வேண்டியதில்ல, பதினஞ்சு நாளுல மூணாம் தண்ணி ஊத்திரலாம்"னார். மருத்துவச்சி பெரியவளுக்கு இருவது நாள் கெடு சொல்லியிருந்தா. பதினஞ்சு போனா அஞ்சு நாள் மிச்சம். கணக்குச் சரியாத்தான் இருந்துச்சு. சத்தியத்துக்குப் பழுது வராதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

எங்க ஊட்டுக்கு எதுத்தாப்புல ஒரு வாய்க்கா. ஒரு தாண்டுத் தாண்டினா அந்தப் பக்கம். அங்க இருந்து முப்பது எட்டு வெச்சா ஒரு கூரைச் சாளை, சோளத்தட்டும் கலப்பையும் போட்டு வெச்சிருந்தது. அதைக் காலி பண்ணி, சாணி மெழுகி, பெரியவளை அங்க அனுப்பினேன். அவளுக்குத் துணைக்கு யாரு? முட்டையும் ஆட்டுக்கால் சாறும் அம்மை ஊட்டுக்குள்ள வேக முடியாதே. அதனால திண்ணையில படுத்திருந்த எங்க ஊட்டுக்காரரையும் பக்கத்துத் தோட்டத்துக்காரங்களை விட்டுக் கட்டிலோட தூக்கி அங்கயே கொண்டு போய் வெக்கச் சொன்னேன். காலு ஒடிஞ்ச மனுஷன் நெறமாசக்காரிக்குக் காவல். பக்கத்துத் தோட்டத்துக்காரி காலையில ரெண்டு கொடம் தண்ணி கொண்டாந்து வெப்பா. வலி கண்டா அவர் சோறு திங்கற பித்தளை வட்டலைத் தட்டோணும், அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டியாருவாங்க. இதுதான் ஏற்பாடு.

இத்தனை சொன்னனே, இதுல எனக்குப் பெரிய கஷ்டம் எது தெரியுமா? அம்மை பார்த்த ஊட்டுல கோபம் ஆகாது. சத்தம் போடக் கூடாது, மொகம் சுளிக்கக் கூடாது. படுத்திருக்கறது ஆத்தா. அது வாயில வர்றது ஆத்தா வாக்கு. இதைச் சின்னவ ரெண்டாம் நாளே கண்டுபுடிச்சுட்டா. "இளநி வேணும்"னா, "இந்தா சாமி"ன்னு குடுப்பேன். ஒரு வாய் குடிச்சுட்டு, "இது வேண்டாம், நொங்கு"ம்பா. கம்பங்கூழுக்குப் பனங்கல்கண்டு பத்தலைம்பா. "வேப்பிலையில இப்படி வீசாதே, அப்படி வீசு"ம்பா. மத்த நாளா இருந்தா முதுகுல ரெண்டு வெச்சிருப்பேன். இப்பக் கையைக் கட்டிட்டு, "சரிங்க தாயி"ங்கறேன். கோபத்தை முழுங்கி முழுங்கி எனக்கு வயிறு உப்பிப் போச்சு.

நாலாம் நாளு அவளே என்னைப் பார்த்துட்டு, "அம்மா, மொகமெல்லாம் செவந்து போச்சே. வாய்க்காகிட்டப் போய் அப்பாவைத் திட்டிட்டு வா. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா"ன்னா. உத்தரவு கெடச்சுப் போச்சு. அன்னையில இருந்து காலையும் மத்தியானமும் சாயங்காலமும் வாய்க்காக் கரையில நின்னேன்.

எங்க ஊட்டுக்காரர் அதுவரைக்கும் சுடுதண்ணி வெச்சவர் இல்ல. கட்டிலுக்குப் பக்கத்துல மூணு கல்லைக் கூட்டி வெச்சு, நீட்டின காலோட சோறாக்கினார். நான் இந்தப் பக்கம் நின்னு, "ஏனுங்க, ஒலை கொதிச்சுதுங்களா?"ம்பேன். "கொதிக்குது, கொதிக்குது"ம்பார். "அரிசி களைஞ்சீங்களா?" கரண்டியை விட்டுத் துழாவுவார். "களையாமப் போட்டுட்டீங்களா? ஏனுங்க, உங்க கண்ணைச் சந்தையில வித்துட்டுத்தான் அந்தக் கெடாவை வாங்கினீங்களா?" முப்பது எட்டுக்கு அந்தப் பக்கம் பெரியவ வாசல்ல உட்கார்ந்து சேலைத் தலைப்புல வாயைப் பொத்திட்டுச் சிரிப்பா. அவ சிரிக்கறதைப் பார்க்கவே நான் கூட ரெண்டு வார்த்தை வெப்பேன். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, பெரியவ கால் வீங்குதா, ராத்திரி தூங்கினாளா, எல்லாம் கத்தியே கேட்டுக்கிட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரி, எங்க ஊட்டுச் சமையலைக் கேட்டுக் கேட்டே அவளும் அதையே ஆக்கறதாச் சொன்னா.

பத்தாம் நாள் மத்தியானம் வட்டல் சத்தம் கேட்டுச்சு. தட்டறார், தட்டறார், ஒடைஞ்சுரும் போல. கையில இருந்த வேப்பிலைக் கொத்தைப் போட்டுட்டு வாய்க்காக் கரைக்கு ஓடினேன். இன்னும் நாளு இருக்குதே, முதல் தண்ணிகூட ஊத்தலையே, போச்சே போச்சேன்னு புலம்பறேன். மருத்துவச்சி ரெண்டு மைல் ஓட்டமும் நடையுமா வந்து உள்ள போனா. கொஞ்ச நேரத்துல இடுப்புல கையை வெச்சுட்டு வெளிய வந்தா. "ஏனுங்காத்தா, இந்தப் புள்ளைக்கு என்னத்தைத் திங்கக் குடுத்தீங்க?"ன்னா. நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

கொள்ளு. அதுவும் அரைவேக்காட்டுக் கொள்ளு. தனக்கு எலும்பு கூடறதுக்கு நல்லதுன்னு வேக வெச்சுத் தின்னவர், மகளுக்கும் ஒரு கிண்ணம் அள்ளி வெச்சிருக்கார். கொள்ளு சூடு, புள்ளைத்தாச்சி கிட்டவே கொண்டுபோக மாட்டோம், எங்க பக்கத்துல ஆட்டுக்குட்டிக்குக்கூட அது தெரியும். "நீ ஏன் சாமி தின்னே?"ன்னு பெரியவளைக் கேட்டேன். "அப்பா ஆசையாச் செஞ்சாருங்கம்மா"ன்னா. மருத்துவச்சி ஓமத்தைக் காய்ச்சிக் குடுத்துட்டுப் போனா. அன்னைக்கு நான் எங்க ஊட்டுக்காரரைத் திட்டினதுல ஒரு சொல்லுகூட மரியாதை கொறையலை, எல்லாத்துலயும் 'ங்க' இருந்துச்சு. ஆனா கெடா கயித்தை அத்துட்டு ஓடிப் போய் அடுத்த காட்டுல நின்னுச்சு.

முதல் தண்ணி ஊத்தினோம். ரெண்டு நாள் விட்டு ரெண்டாம் தண்ணி. சின்னவளுக்கு முத்தெல்லாம் எறங்கி, பசி எடுத்து, பழைய வாய் திரும்பிருச்சு. அவர் காலும் வலி கொறஞ்சிருச்சு. மூணாம் தண்ணிக்கு இன்னும் ரெண்டே நாள். அன்னைக்கு வெள்ளனவே பெரியவளுக்கு நெசமாவே வலி கண்டுருச்சு.

இந்தத் தடவை வட்டல் மெதுவாத்தான் கேட்டுச்சு. அந்த மெதுச் சத்தத்துலயே எனக்குப் புரிஞ்சு போச்சு. மருத்துவச்சி வந்தா, அவரைக் கட்டிலோட வேப்பமரத்தடிக்கு நகர்த்தினாங்க, சாளைக் கதவைச் சாத்தினாங்க. நான் வாய்க்காக் கரையில நின்னேன். கால்ல வெயில் ஏறுது. உள்ள இருந்து ஒரு சத்தமும் இல்ல. புள்ளை பெறுற எடத்துல சத்தம் இல்லாம இருக்கறதை மாதிரிப் பயமான விஷயம் ஒண்ணும் இல்ல. ஒரு தாண்டு. ஒரே ஒரு தாண்டு. தாண்டிரலாம்னு எத்தனை தடவை காலை எடுத்தேன்னு எனக்கே தெரியாது. அம்மையோட போய் அவமேல ஒட்டிட்டா, அந்தப் புள்ளையையும் நானே கொன்னாப்பல ஆயிருமேன்னு காலைக் கீழ வெப்பேன்.

உச்சிப் பொழுதுக்கு மருத்துவச்சி வெளிய வந்தா. நெத்தியெல்லாம் வேர்வை. "ஆத்தா, நெலமை சரியாத்தான் இருக்குது, உங்க புள்ளை முக்கோணுமே, முக்க மாட்டேங்குது. பல்லைக் கடிச்சுட்டு மூச்சை உள்ளயே வெச்சுக்குது. போன தடவை போனது மனசுல உட்கார்ந்திருக்குது. நான் சொன்னா ஏறலை. நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க"ன்னா.

இருக்கற பாசத்தையெல்லாம் கூட்டி, "சாமி, என் தங்கமே, அம்மா இங்கதான் இருக்கறேன் கண்ணு, பயப்படாதே கண்ணு"ன்னு தேனாட்டம் கூப்பிட்டேன். உள்ள ஒரு விம்மல் கேட்டுச்சு. மருத்துவச்சி உள்ள போனவ அதே வேகத்துல வெளிய வந்தா. "வேண்டாங்காத்தா, நிறுத்துங்க. அம்மா இப்படி நைசாப் பேசறாங்களே, அப்ப நான் சாகப் போறனான்னு கேக்குது"ன்னா.

வேப்பமரத்தடியில இருந்து எங்க ஊட்டுக்காரர், "ஏ புள்ள, நீ வழக்கம்போலப் பேசு"ன்னார்.

வழக்கம்போலப் பேசினேன். "ஏன்டி, நாலு வயசுல செப்புக்கொடத்தைக் கெணத்துல போட்டுட்டு மூணு நாளு வாயைத் திறக்காமத் திரிஞ்சவதானே நீ. இன்னைக்கும் அப்படியே வாயைக் கட்டிட்டுக் கெடக்கறயா? எருமை கன்னு போட்டாக்கூட ஏழு காட்டுக்குக் கேக்குதுடி. மனுஷி நீ, ஒரு சத்தம் போடறதுக்கு என்ன கேடு? ரெண்டு வருஷம் மாமியாகிட்டக் கையைக் கட்டிட்டு நின்னே, இப்பப் பொறக்கப் போற புள்ளைகிட்டயும் கையைக் கட்டிட்டு நிக்கப் போறயா? சமையக்காரன் காலு ஒடிஞ்சவன், பாத்திரம் பூரா அடிப்புடிச்சுக் கெடக்குது, தாய்க்காரி வெயில்ல காயறேன், நீ பாட்டுக்குச் சொகுசாப் பல்லைக் கடிச்சுட்டு இருக்கறயா?" இப்படிப் போச்சு. அவ சின்னப்புள்ளையில மோர்ச்சட்டியைக் கவுத்தது, பூனைக்குட்டியை அரிசிப் பானையில ஒளிச்சு வெச்சது, கண்ணாலத்தன்னைக்கு வெத்தலையைத் தலைகீழாக் குடுத்தது, ஒண்ணு விடாம எடுத்தேன். கண்ணுல தண்ணி பாட்டுக்கு ஊத்துது, வாய் பாட்டுக்குத் திட்டுது. நிறுத்தினா அவளை விட்டுட்டுப் போயிட்டாப்பல ஆயிரும்னு நெனச்சு நிறுத்தாமத் திட்டினேன்.

எவ்வளவு நேரம்னு தெரியாது. திடீர்னு சாளைக்குள்ள இருந்து ஒரு குரல், அவ குரல்னு எனக்கே நம்ப முடியலை, கூரையைப் பிச்சுட்டு வந்துச்சு. "அம்மா, வாயை மூடுங்க. வலிக்கறது எனக்குங்க!"

அவ பொறந்ததுல இருந்து என்னை எதுத்துப் பேசினது அதுதான் முதல் தடவை. அப்பறம் நிறுத்தவே இல்ல. என்னை, அவங்கப்பாவை, கெடாவை, கொள்ளுக் கிண்ணத்தை, மருத்துவச்சியை, எல்லாத்தையும் வாரிப் போட்டுக் கத்தினா. மருத்துவச்சி, "அப்படித்தான் சாமி, அப்படித்தான், இன்னொண்ணு"ங்கறது எனக்குக் கேக்குது. அப்பறம் ஒரு நொடி ஒண்ணுமே இல்ல. அப்பறம் சின்னதா, பூனை கத்தறாப்பல ஒரு அழுகை.

"பொட்டப்புள்ளைங்காத்தா. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க"ன்னு மருத்துவச்சி கதவுக்குப் பின்னால இருந்து சொன்னா.

என் காலு தானா எந்திரிச்சுது. வாய்க்காலுக்கு மேல போயிருச்சு. எங்க ஊட்டுக்காரர் கட்டில்ல இருந்து, "ரெண்டே நாளு புள்ள. இன்னும் ரெண்டே நாளு"ன்னார். காலை இழுத்துக்கிட்டு அங்கயே மண்ணுல உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவர் அழுகறார், இந்தப் பக்கம் நான் அழுகறேன். இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச காரியத்துல சண்டை இல்லாதது அது ஒண்ணுதான்னு நெனக்கறேன்.

அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள என் குரல் போயிருச்சு. கட்டிப் போய், காத்துதான் வந்துச்சு. வாய்க்காக் கரையில போய் நின்னு பார்த்தேன், ஒரு சொல்லும் எழும்பலை. கையை ஆட்டினேன், அவரும் கையை ஆட்டினார். சின்னவதான் ஊட்டு வாசல்ல நின்னு, "அம்மா உப்புக் கொறையாப் போடச் சொன்னாங்க"ன்னு எனக்குப் பதிலாக் கத்திப் பார்த்தா. அந்தக் குஞ்சுக் குரல் வாய்க்காக்கூடத் தாண்டலை.

மூணாம் தண்ணி ஊத்தினோம். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணியில சின்னவளைக் குளிப்பாட்டி, நானும் தலை முழுகி, சலவைச் சேலை கட்டி, ஊட்டைக் கழுவி விட்டுட்டு, வாய்க்காலைத் தாண்டினேன். முப்பது எட்டு எப்படிப் போனேன்னு தெரியலை. சாளைக்குள்ள பெரியவ சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தா. மடியில துணிச்சுருள், அதுக்குள்ள ஒரு பிடி மொகம். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்படுவான்னு போனேன். அவ வாய் கோணிருச்சு. அந்த அழாத புள்ளை குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு.

"ரெண்டு நாளா உங்க சத்தமே இல்லீங்களே"ன்னா. "குரல்தான் கட்டியிருக்குதுன்னு அப்பா சொன்னாரு. அவரு மொகத்தைப் பார்த்தா நம்பிக்கையா இல்ல. உங்களுக்கும் அம்மை போட்டுருச்சு, என்கிட்ட மறைக்கறாங்கன்னு நெனச்சேன். உங்களை யாருங்கம்மா பார்த்துக்கிட்டாங்க?"

கால், அம்மை, பிரசவம்னு அத்தனை நாளும் நான்தான் எல்லாரையும் கேட்டுட்டு இருந்தேன். என்னை யாரும் அப்படிக் கேக்கலை, கேக்கோணும்னு எனக்கும் தோணினதில்ல. அவ பக்கத்துல உட்கார்ந்து, அவ தோளைப் புடிச்சுக்கிட்டு, தொண்டையைச் செருமிச் செருமி, வந்த காத்தைக் கூட்டி, "புள்ளையோட கழுத்தைத் தாங்கிப் புடிக்கத் தெரியலையாடி உனக்கு?"ன்னேன்.

அப்பத்தான் அவ அழுகையை நிறுத்தினா.